துளையிட்ட துடுப்பு

வீட்டிலேயே பீர் தயாரிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட அமெரிக்கர்கள் பலரிடம் ஒரு மரத்துடுப்பு இருக்கும். ஏறத்தாழ மூன்றடி நீளம், உருண்டையான கைப்பிடி, அடியில் ஒரு சாண் நீளத்துக்குக் குறையாத தட்டையான அலகு. அந்த அலகில் துளைகள் வெட்டியிருப்பார்கள். வெறும் வட்டத்தோடு நிறுத்தாமல் ஹாப்ஸ் பூ, பார்லிக் கதிர், ஆறுமுனை நட்சத்திரம், குடும்பப் பெயரின் முதலெழுத்து என்று கற்பனை ஓடியிருக்கும். ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட ஒரு சட்டம்தான் அந்நாட்டில் வீட்டுத் தயாரிப்பைக் கூட்டரசு வரியிலிருந்து விடுவித்தது. வாரக் கடைசியில் மர வேலையும் பீர் வேலையும் செய்கிற ஒரு கூட்டம் அதன் பிறகுதான் பெருகியது. ஆனால் துடுப்பை அடையாளமாகக் கொண்டாடுவது அதைவிட மிகப் பழையது. ஜெர்மானிய பீர்த் தொழிலாளர் சங்கங்களின் சின்னங்களில் மால்ட் அள்ளும் மண்வெட்டியோடு கலக்கும் துடுப்பும் இடம்பெற்றிருக்கிறது. அலங்காரத் துடுப்பைக் கண்டால் தொழில் தெரிந்தவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள்: வேலைக்கு வேண்டியது ஒரு பலகை, பூவேலை எதற்கு என்று. சரியாகச் செய்யப்பட்ட பூவேலை துடுப்பின் வேலையில் பெரும்பங்கைச் செய்கிறது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். எது சரி என்பதைச் செய்பவரின் ரசனை மட்டும் தீர்மானிப்பதில்லை. கலக்கப்படும் கூழின் இயல்பும், மரத்தின் உள்ளமைப்பும், அடுப்பில் அடுத்து நடக்கப்போவதும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

முதலில் கூழ். பார்லியை முளைகட்டி, உலர்த்தி, உடைத்தால் மால்ட் மாவும் நொய்யும் உமியும் கலந்து கிடைக்கும். 19 லிட்டர் பீருக்குச் சுமார் 5 கிலோ மால்ட் போதும். அதைப் பதினைந்து லிட்டர் வெந்நீரில் கொட்டிக் கிளறுவதற்கு மாஷ் என்று பெயர். நீர் 73 டிகிரி செல்சியஸில் இருந்தால், அறை வெப்பத்தில் உள்ள மால்ட் சேர்ந்ததும் கலவை 67 டிகிரிக்கு இறங்கும். மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் அமைலேஸ் நொதிகள் இரண்டும் அந்த வெப்பத்தில் சேர்ந்து வேலை செய்ய முடியும். இன்னும் ஏழெட்டு டிகிரி ஏறினால் அவற்றில் ஒன்றாவது சீக்கிரம் செத்துவிடும். வெகுவாக இறங்கினால் மாவுச்சத்து ஊறி விரியாது, விரியாத மாவுச்சத்தை நொதி எளிதில் தீண்டாது. ஆக, வெந்நீரும் மாவும் சந்திக்கிற முதல் இரண்டு மூன்று நிமிடங்களில்தான் எல்லாம் இருக்கிறது. அப்போது வருகிற சிக்கல் கட்டி. கேழ்வரகுக் களி கிண்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: மாவுக் குவியலின் வெளிப்புறம் வெந்நீர் பட்டதும் கணத்தில் வெந்து பசையாகிறது, அந்தப் பசைத்தோல் நீரை உள்ளே விடுவதில்லை, உடைத்துப் பார்த்தால் நடுவில் உலர்ந்த மாவு அப்படியே இருக்கும். மாஷில் அந்த உலர்ந்த மாவுக்குள் நொதியும் இருக்கிறது, மாவுச்சத்தும் இருக்கிறது. நீர் இல்லாததால் ஒன்றையொன்று தொடாமல் ஒரு மணி நேரமும் கழிந்துவிடும். அந்தச் சர்க்கரை பீருக்கு வந்து சேராது. துடுப்பின் முதல் கடமை கட்டிகளை உடைப்பது. கலவையின் வெப்பத்தை எங்கும் ஒன்றாக்குவது இரண்டாவது.

துளையில்லாத பலகையைக் கூழுக்குள் குறுக்கே தள்ளினால் என்ன நடக்கிறது என்று யோசிக்க வேண்டும். பலகைக்கு முன்னால் உள்ள கூழ் மொத்தமாக நகர்கிறது, ஓரங்களைச் சுற்றி வழிகிறது, பின்னால் ஒரு சுழி உண்டாகிறது. முன்னால் இருக்கும் கட்டி பலகையோடு சேர்ந்து பயணம் செய்யும் அல்லது ஓரமாக ஒதுங்கிப் போகும். அதை உடைக்க வேண்டுமானால், அதன் ஒரு பக்கத்துக் கூழ் வேகமாகவும் மறுபக்கத்துக் கூழ் மெதுவாகவும் ஓட வேண்டும். அருகருகே உள்ள அடுக்குகளின் இந்த வேக வித்தியாசம்தான் கட்டியைக் கிழிக்கிறது. அப்படிப்பட்ட இடம் பலகையின் விளிம்பு. ஒரு துளை போட்டால் பலகைக்குப் புதிதாக ஒரு விளிம்பு கிடைக்கிறது. அதன் வழியே கூழ் பிதுங்கி ஓடும்போது விளிம்பை ஒட்டியது தேங்கும், நடுவில் உள்ளது பாயும். அப்படியானால் கணக்கிட வேண்டியது துளைகளின் பரப்பை விட அவற்றின் சுற்றளவை. 6 செ.மீ. விட்டமுள்ள ஒரே வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 28 சதுர செ.மீ.; சுற்றளவு 19 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. அதே பரப்பை 2 செ.மீ. விட்டமுள்ள ஒன்பது வட்டங்களாகப் பிரித்தால் சுற்றளவு 56 செ.மீ.யைத் தாண்டுகிறது. பலகையிலிருந்து எடுத்த மரம் ஒன்றே, விளிம்பு மூன்று மடங்கு. பூவேலைக்கு ஆதரவாக நிற்கும் முதல் சாட்சி இதுதான். ஹாப்ஸ் பூவின் செதில்களை ஒவ்வொன்றாக வெட்டியெடுத்த அலகில், நடுவில் பெரிய ஓட்டை போட்ட அலகை விட வெட்டும் விளிம்பு அதிகம். பார்லிக் கதிரின் மணிகளும் அப்படித்தான். எதிர்த்திசையில் ஒரு வரம்பும் உண்டு. பார்லி உமி கிட்டத்தட்ட ஒரு செ.மீ. நீளம், ஒன்றரை செ.மீ.க்குக் குறைந்த துளையில் உமியும் பசையும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் அது துளையில்லாத பலகைக்குச் சமம். நுணுக்கமான சல்லடை வேலை கண்ணுக்கு அழகு, கூழுக்குப் பயனில்லை.

இனி மரம். அமெரிக்கத் துடுப்புகளில் கெட்டி மேப்பிளுக்கு இருக்கும் மரியாதை வழக்கத்தால் மட்டும் வந்ததல்ல. அகன்ற இலை மரங்களின் கட்டையில் நீரை மேலேற்றிய நாளங்கள், மரம் அறுபட்ட பின்பும் வெற்றுக் குழாய்களாக நிற்கின்றன. மேப்பிளில் அவை மிகச் சிறியவை, வளையம் முழுவதும் சீராகப் பரவியவை. வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஓக்கில் வசந்த காலத்து நாளங்கள் பெரிதாக, வரிசை கட்டி நிற்கும். சிவப்பு ஓக்கின் சிறு துண்டை எடுத்து ஒரு முனையைத் தண்ணீரில் அமிழ்த்தி மறுமுனையில் ஊதினால் குமிழி வரும். அந்த அளவுக்குத் திறந்த குழாய்கள். வெள்ளை ஓக்கில் அதே குழாய்களைத் தைலோஸ் என்னும் வளர்ச்சிகள் அடைத்துவிடுவதால் அது பீப்பாய்க்கு உகந்ததாயிற்று, என்றாலும் அதன் டானின் வெந்நீரில் இறங்கித் துவர்ப்பு தரும். பைன் பிசினை விடும். வண்ண அழகுக்காகச் சிலர் நாடும் ரோஸ்வுட் வகைகளில் தோலையும் மூச்சையும் உறுத்தும் சேர்மங்கள் உண்டு. அவற்றைச் சூடான இனிப்பு நீரில் ஊறவிடுவது புத்திசாலித்தனம் இல்லை. மேப்பிளும், ஐரோப்பாவில் சமையல் கரண்டிக்குப் பயன்படும் பீச்சும் மணமோ சாயமோ அதிகம் விடாதவை, நுண்துளை கொண்டவை, கடினமானவை. நுண்துளைக்கு இன்னொரு பலனும் இருக்கிறது, அது நேரே அலங்காரத்தைச் சேர்ந்தது. பெருநாள மரத்தில் கூரிய வளைவு வெட்டினால் நாள வரிசையில் விளிம்பு பொரிந்து உதிரும். மேப்பிளில் உளி போட்ட கோடு போட்டபடி நிற்கும்.

மரத்தைத் தேர்ந்த பிறகும் எல்லா உருவத்தையும் அதில் வெட்டிவிட முடியாது. பூவேலையை ஓவியமாக மட்டும் பார்ப்பவர்கள் தவறுகிற இடம் இது. மரம் தன் இழை ஓடும் திசையில் இழுவையைத் தாங்கும் வலு, இழைக்குக் குறுக்கே தாங்கும் வலுவைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். துடுப்பில் இழை கைப்பிடியிலிருந்து அலகின் நுனி வரை நீளவாக்கில் ஓட வேண்டும் என்பது யாருக்கும் தெரியும். வெட்டிய உருவங்களுக்கு இடையே எஞ்சும் மரப்பாலங்களுக்கும் அதே விதி உண்டு என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். இரண்டு துளைகளுக்கு நடுவில் நீளவாக்கில் நிற்கும் பாலம் ஒரு செ.மீ. இருந்தாலும் தாக்குப்பிடிக்கும். குறுக்குவாக்கில் நிற்கும் அதே அகலப் பாலத்தில் இழைகள் ஒரு செ.மீ. நீளத்துக்கே ஓடுகின்றன, பாத்திரத்தின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் பிளந்துவிடும். ஆங்கில 'ஏ', 'ஓ' எழுத்துகளின் நடுவே தீவாக நிற்க வேண்டிய துண்டைத் தாங்க எப்படியும் ஒரு பாலம் வேண்டும், அந்தப் பாலம் மேலும் கீழுமாக இருக்க வேண்டுமே ஒழிய பக்கவாட்டில் கூடாது. நட்சத்திரத்தின் கூர்முனைகள் வேறொரு ஆபத்து. இழுவைக்கு உள்ளாகும் தகட்டில் ஒரு வட்டத்துளை இருந்தால், அதன் விளிம்பில் தகைவு சராசரியைப் போல மூன்று மடங்காகிறது என்று கிர்ஷ் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1898-இல் கணக்கிட்டுக் காட்டினார். வட்டத்துக்கே மூன்று என்றால், கூர்மூலையில் அது இன்னும் எகிறும். தச்சர்கள் இதற்குச் செய்யும் பரிகாரம் எளிது: வரைந்த உருவத்தின் ஒவ்வொரு மூலையிலும் முதலில் சிறு வட்டத்துளை இட்டு, அந்தத் துளையிலிருந்து துளைக்கு ஜிக்சா ரம்பத்தை ஓட்டுவார்கள். மூலை மழுங்கும். பார்ப்பவருக்கு அது நட்சத்திரமாகத்தான் தெரியும், மரத்துக்கு அது ஐந்தாறு சிறு வட்டங்களின் தொடர்.

தடிமனைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். உலர்ந்த மரத்தின் வலுவை வைத்துத் துடுப்பை எடைபோடக் கூடாது. நனைந்து ஊறிய கட்டை, உலர்ந்த கட்டையின் வளைவு வலுவில் ஏறக்குறைய பாதியைத்தான் காட்டும். சூடு ஏறினால் இழைகளைப் பிணைத்திருக்கும் லிக்னின் இளகத் தொடங்கும். நீராவியில் வாட்டி மரத்தை வளைக்கிற தொழிலே இந்த இளக்கத்தால் நடக்கிறது. இளகிய மரத்தில் துளையும் இருந்தால் அலகு 2 செ.மீ. தடிமனாவது இருக்க வேண்டும். துண்டுகளை ஒட்டிச் செய்யும் வண்ணப் பட்டைத் துடுப்புகள் கடைகளில் அழகாக இருக்கின்றன. வழக்கமான வெள்ளைத் தச்சுப் பசை, சூடும் ஈரமும் சேர்ந்த இடத்தில் நம்பத்தக்கதல்ல. ஒரே பலகையில் செதுக்குவதே நல்லது.

இவ்வளவும் சொன்ன பிறகு கனமான ஆட்சேபம் வரும்: மரம் நுண்ணுயிரின் கூடு, அதில் இத்தனை இடுக்குகளை வெட்டிவைத்தால் பீர் கெட்டுப்போகாதா? பயம் நியாயமானதுதான். ஆனால் மால்ட்டையே பார்க்க வேண்டும். பார்லி உமியின் மேல் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் ஏராளமாக ஒட்டியிருக்கின்றன. புளிப்பு பீர் செய்பவர்கள் ஒரு கைப்பிடி பச்சை மால்ட்டைப் போட்டே புளிக்க வைக்கிறார்கள். ஐந்து கிலோ மால்ட்டோடு வருகிற பாக்டீரியாவின் முன்னால் துடுப்பு கொண்டுவருவது பொருட்டே இல்லை. மாஷ் முடிந்ததும் கூழிலிருந்து சாற்றை வடித்துக் கொதிக்க வைப்பார்கள்; அந்தக் கூட்டம் முழுவதையும் அந்த ஒரு மணி நேரக் கொதி அழிக்கிறது. மரமே பாக்டீரியாவை வளர்க்கும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் வலுவாக இல்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவரும் அவரது குழுவினரும் 1990-களின் தொடக்கத்தில் காய்கறி நறுக்கும் பலகைகளில் பாக்டீரியாவைத் தடவிப் பார்த்தார்கள். மரப்பலகையையும் பிளாஸ்டிக் அளவுக்குப் பாதுகாப்பாக்க வழி தேடிப் போன ஆராய்ச்சி, மரத்தின் பக்கம் திரும்பியது. மரம் பாக்டீரியாவை ஈரத்தோடு உள்ளே உறிஞ்சிக்கொண்டது. உள்ளே போனவை பெருகாமல் மெல்ல மடிந்தன. கத்திக் கீறல் விழுந்த பிளாஸ்டிக்கைத்தான் சுத்தம் செய்வது கடினமாக இருந்தது. இதை வைத்து மரம் கிருமிநாசினி என்று கொண்டாட வேண்டியதில்லை. காய வாய்ப்பிருக்கும் மரம் ஆபத்தில்லை என்ற அளவுக்கு எடுத்துக்கொண்டால் போதும்.

கொதிக்க வைக்காத பீர் உண்டே என்று இன்னொரு கேள்வி எழும். நார்வேயின் பண்ணை வீடுகள் சிலவற்றில் சாற்றைக் கொதிக்க விடாமலே நொதிக்க விடுவார்கள். அதற்குப் பச்சை பீர் என்றே பெயர். அங்கேகூடக் கலவை 67 டிகிரியில் ஒரு மணி நேரம் நிற்கிறது, பாலைப் பதப்படுத்த 63 டிகிரியில் அரை மணி நேரமே போதும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். கூழை அது பதப்படுத்திவிடும். துடுப்பின் உட்புறத்தைப் பதப்படுத்துமா என்பது நேரத்தைப் பொறுத்தது. மரத்தில் வெப்பம் பரவும் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால், 2 செ.மீ. தடிமனுள்ள அலகின் நடுவுக்குச் சூடு சென்று சேரப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். கிளறிவிட்டு உடனே எடுத்த துடுப்பின் நடுப்பகுதி வெதுவெதுப்பைத் தாண்டியிருக்காது. கொதிநிலையைத் தாண்டிய, ஆறிய சாற்றில் மரத்துடுப்பை விடக் கூடாது என்ற விதி இதிலிருந்து வருகிறது. அங்கே நுழைகிற உயிரைக் கொல்ல அடுத்து எதுவும் இல்லை.

இந்த விதிக்கு நார்வே அழகான ஒரு தலைகீழ்ச் சாட்சியை வைத்திருக்கிறது. அந்நாட்டுப் பண்ணை வீடுகளில் ஈஸ்ட் வளையம் என்ற பொருள் இருந்தது. இப்போது அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். சிறு மரத்துண்டுகள் பலவற்றைச் செதுக்கி, ஒன்றின் கொக்கி மற்றொன்றின் பள்ளத்தில் மாட்டும்படி கோத்து, ஆணியும் பசையும் இல்லாமல் வட்டமாக மூடிய சங்கிலி அது. கையில் எடுத்தால் நெகிழும், கலகலக்கும். நொதிக்கும் பீரில் அதைப் போட்டுவிடுவார்கள். ஈஸ்ட் இடுக்குகளில் படியும், வளையத்தை எடுத்து மாட்டி உலர்த்துவார்கள், அடுத்த முறை பீர் வடிக்கும்போது புதிய சாற்றில் போடுவார்கள். துளைகள் இட்ட மரக்கட்டையை இதே வேலைக்குப் பயன்படுத்திய ஊர்களும் உண்டு. ஓட் நோர்ட்லாண்ட் 1969-இல் வெளியிட்ட நார்வே பீர் மரபு பற்றிய நூல் இந்த வழக்கங்களைத் தொகுத்தது. பிற்காலத்தில் லார்ஸ் மாரியஸ் கார்ஷோல் ஊர் ஊராகப் போய் இன்னும் உயிரோடிருந்த ஈஸ்ட்களைத் தேடினார். க்வைக் என்று மேற்கு நார்வேக்காரர்கள் அழைக்கும் அந்த ஈஸ்ட்களை அவரும் கனடா, பின்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து 2018-இல் ஆராய்ந்தபோது, பீருக்கென்று பழக்கப்பட்ட ஈஸ்ட்களுக்குள் அவை தனிக் குழுவாக நிற்பது மரபணுவில் தெரிந்தது. 40 டிகிரி வரைகூட நொதிக்கும், உலர்ந்து கிடந்தும் பிழைக்கும். பல தலைமுறைகளாக அந்த ஈஸ்ட் உலர்வதற்கும் விழிப்பதற்கும் பழகியிருந்தது. செதுக்கிய இடுக்கு நுண்ணுயிரைச் சேமிக்கும் என்று பயப்படுகிறவர்கள் சொல்வது உண்மை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. நார்வேக்காரர்கள் வளையத்தில் அதை வேண்டுமென்றே செய்தார்கள். மாஷ் துடுப்பின் இடுக்கில் அதே உயிர் தங்கினாலும் கொதிநீரைத் தாண்டி வர முடியாது. ஒரே செதுக்கல், கொதியின் இந்தப் பக்கம் இருந்தால் பாதிப்பில்லை, அந்தப் பக்கம் இருந்தால் அது விதைப் பெட்டி.

மரத்தை ஆதரிப்பவர்கள் சொல்லும் ஒரு வாதத்தை மட்டும் ஏற்க இயலவில்லை. எஃகுத் துடுப்பு கூழின் சூட்டைக் குடித்துவிடும், மரம் குடிக்காது என்கிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. மரத்தின் அலகு 400 கிராம் என்றும் அது முழுமையாகச் சூடேறுகிறது என்றும் வைத்துக்கொண்டால்கூட, இருபது கிலோ கூழின் வெப்பம் அரை டிகிரியைத் தாண்டிக் குறையாது. எஃகின் தன்வெப்பம் மரத்தினுடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே எடைக்கு அது மரத்தை விடக் குறைவாகத்தான் சூட்டை வாங்கும். மரத்தின் உண்மையான சிறப்பு கைப்பிடியில் இருக்கிறது. துருப்பிடிக்காத எஃகு, மரத்தைப் போல எண்பது தொண்ணூறு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது. மரக் கைப்பிடியைப் பிடித்தவருக்குக் கீழே 67 டிகிரி இருப்பது தெரிவதே இல்லை. பாத்திரத்தின் அடியில் இருக்கும் வடிதட்டை மரம் கீறுவதில்லை என்பதும் சேர்ந்துகொள்கிறது. இந்த இரண்டு காரணங்களே போதுமானவை, தவறான மூன்றாவது தேவையில்லை.

மீதி இருப்பது மேற்பூச்சு. வார்னிஷ் பூசினால் பூவேலை மின்னும், நாளடைவில் துடுப்பு கெடும். மேப்பிள் பலகையின் ஈரப்பதம் 8 சதவீதத்திலிருந்து 20-க்கு ஏறினால், 12 செ.மீ. அகலமுள்ள அலகு, வளையங்களின் தொடுகோட்டுத் திசையில் அறுத்ததாயிருந்தால், அகலத்தில் சுமார் 5 மி.மீ. உப்பும், ஆரத்திசையில் அறுத்ததாயிருந்தால் அதில் பாதி. நீளத்தில் அளக்குமளவு கூடாது. இவ்வளவு உப்பலுக்கு வார்னிஷ் படலம் ஈடுகொடுக்காமல் முதலில் துளை விளிம்புகளில் வெடிக்கும். வெடிப்பில் நீர் புகும், படலத்தின் கீழ் தேங்கிக் கறுக்கும். எண்ணெய் தடவுவதும் இங்கே சரிப்படாது: சூடான கூழ் அதைக் கழுவிக் கொண்டுபோகும், எண்ணெய் பீரின் நுரையைக் கொல்லும். வெறும் மரமே உத்தமம். வெந்நீரில் நனைத்து உலரவிட்டால் அறுபட்ட இழைகள் மயிர்போல எழுந்து நிற்கும். உப்புத்தாளால் அவற்றைத் தேய்த்துவிட்டு மறுபடி நனைத்து, மறுபடி தேய்த்தால் மூன்றாவது முறை எழும்புவது நின்றுவிடும். துளைகளின் உள்விளிம்புகளுக்கும் இது வேண்டும், அங்கேதான் கை சோம்பும். அலகின் மேல் ஆழமில்லாமல் கீறிய எழுத்தும் கோலமும் வேண்டாம். ஊடுருவாத பள்ளம் விளிம்பின் வேலையையும் செய்யாது, சர்க்கரைப் பிசுக்கையும் பிடித்துவைக்கும். செதுக்கல் ஆசையெல்லாம் கூழ் எட்டாத கைப்பிடியின் மேற்பாதிக்குப் போகட்டும். ஈரக்கைக்கு அது பிடிமானமும் தரும். வேலை முடிந்ததும் வெந்நீரில் அலசி, சுவரிலிருந்து ஓரங்குலம் தள்ளிய கொக்கியில் கைப்பிடியால் தொங்கவிட வேண்டும். நீர் மரத்துக்குள் இழைவாக்கில்தான் வேகமாக நகர்கிறது என்பதால் அலகின் நுனி கீழே எதையும் தொடாமல் இருக்க வேண்டும். வெட்டிய துளைகள் வழியே காற்று இரு முகங்களையும் ஒரே வேகத்தில் உலர்த்தினால் பலகை கோணாது.